கூரை மட்டும் போன ஊர்கள்: வட சிரியாவின் கல் கிராமங்கள்

வட சிரியாவில் ஆள் இல்லாமல் கிடக்கும் செர்ஜில்லா என்ற ஊரின் படங்களைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது ஜன்னல்கள்தான். இரண்டு அடுக்கு வீடு. சுவர்கள் நிற்கின்றன. ஓட்டுக் கூரையைத் தாங்கிய முக்கோண உச்சிகூட இரு பக்கமும் கலையாமல் இருக்கிறது. மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே அறை தெரியாது, வானம்தான் தெரியும். வேலை பாதியில் நிற்கும் புது வீடு மாதிரி இருக்கும். கொத்தனார்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள், வந்ததும் ஓடு வேய்ந்துவிடுவார்கள் என்று தோன்றும். அந்த வீட்டுக்கு வயது ஆயிரத்து ஐந்நூறு.

சிரியாவின் வடமேற்கு மூலையில், அலெப்போவுக்கு மேற்கிலும் தென்மேற்கிலும், ஆயிரம் மீட்டர் உயரத்தை எட்டாத சுண்ணாம்புக்கல் குன்றுகள் வரிசையாக ஓடுகின்றன. வடக்கே ஜபல் செமான், நடுவில் ஜபல் பாரிஷாவும் ஜபல் அல்-அலாவும், தெற்கே ஜபல் ஸாவியா. ஜபல் என்றால் அரபியில் மலை. இந்தக் குன்றுகளின் மேல் சுமார் எழுநூறு பழைய ஊர்களின் எச்சங்கள் கிடக்கின்றன. கி.பி. 1ஆம் நூற்றாண்டிலிருந்து 7ஆம் நூற்றாண்டு வரை கட்டப்பட்டு, 8க்கும் 10க்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் ஆள் இல்லாமல் போனவை. அவற்றில் ஏறக்குறைய நாற்பது ஊர்களை எட்டுத் தொகுதிகளாகப் பிரித்து, 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சிரியாவில் கலவரம் வெடித்துப் போராக மாறத் தொடங்கியதும் அதே வருடம்தான்.

இந்த ஊர்களுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் 'செத்த நகரங்கள்'. அரபியில் 'மறக்கப்பட்ட நகரங்கள்' என்று சொல்வதும் உண்டு. இரண்டிலும் 'நகரம்' வருகிறது. குதிரையில் வந்த 19ஆம் நூற்றாண்டுப் பயணிகள் இவ்வளவு பெரிய கல் கட்டடங்களைப் பார்த்ததும் நகரமாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. விவசாயி இப்படி வீடு கட்டுவான் என்று யார் நினைப்பார்கள்? ஆனால் இங்கே கோட்டைச் சுவர் இல்லை, நேர்கோட்டில் போட்ட தெருக்கள் இல்லை, சதுக்கம் இல்லை, நாடக அரங்கு இல்லை. ஒரு ரோமானிய நகரத்தில் இருக்க வேண்டியவை ஒன்றுமே இல்லை. இருப்பது வீடுகள், கிணறு மாதிரி வெட்டிய நீர்த்தொட்டிகள், பிழிகூடங்கள், தேவாலயங்கள், கல்லறைகள். இவை கிராமங்கள், அதுதான் இவற்றின் அருமையும்.

பழைய உலகத்திலிருந்து நமக்கு மிச்சமாகக் கிடைப்பது பெரும்பாலும் அரசனும் கடவுளும் குடியிருந்த இடங்கள். குடியானவன் வீடு மண்ணும் மரமுமாக இருந்தது, மண்ணோடு போய்விட்டது. ரோமானியப் பேரரசில் பத்தில் எட்டு ஒன்பது பேர் கிராமத்தில் வாழ்ந்திருப்பார்கள். அவர்கள் எந்த அறையில் படுத்தார்கள், மாட்டை எங்கே கட்டினார்கள் என்று காட்டும் இடங்கள் மிகக் குறைவு. வட சிரியாவில் அது மாடிப்படி உட்பட நிற்கிறது. சில்லறை வேறுபாடுகளைத் தவிர்த்தால், அந்தக் காலத்து நாட்டுப்புறம் இவ்வளவு முழுசாக நிற்கும் இடம் வேறு எங்கும் இல்லை என்றே சொல்லலாம்.

சரி, ஏன் இங்கே மட்டும் நின்றது? முதல் காரணம் காலுக்குக் கீழேயே இருக்கிறது.

இந்தக் குன்றுகளில் ஆறு கிடையாது. ஊற்றும் அரிது. மழை நீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடும். மண் என்று சொல்லத்தக்கது பாறைக் குழிவுகளில் தேங்கிய செம்மண். வளமானது, ஆனால் திட்டுத் திட்டாகத்தான் கிடைக்கும். ஆகவே இங்கே குடியேறியவன் செய்ய வேண்டிய முதல் வேலை கல் பொறுக்குவது. வயலில் பொறுக்கிய கல் வரப்பானது, மதிலானது. வீட்டுக்குக் கல் வேண்டுமென்றால் வீட்டு வாசலிலேயே பாறையை வெட்டினார்கள். வெட்டிய பள்ளத்தை வீணாக்கவில்லை. உட்புறம் சாந்து பூசி, மேலே மூடி, மழைநீர்த் தொட்டியாக்கிக்கொண்டார்கள். வீடும் தண்ணீரும் ஒரே குழியிலிருந்து வந்தன. ஊரைச் சுற்றி இன்றும் பாறையில் சதுரம் சதுரமாக வெட்டிய தழும்புகளும், இருட்டான தொட்டி வாய்களும் தெரிகின்றன.

வயல்களும் அப்படியேதான். மேலிருந்து எடுத்த படங்களில், பழைய கல் வரப்புகள் நேர் கோடுகளாகக் குன்றின்மேல் ஓடுவதைப் பார்க்கலாம். ரோமானிய நில அளவையாளர்கள் போட்ட கட்டங்களின் சாயல் பல இடங்களில் அழியவில்லை. பேரரசர் டயோக்லீஷியன் காலத்தில், 297ஆம் ஆண்டு வாக்கில், வரி வசூலுக்காக நிலத்தை மறுபடி அளந்தார்கள்; அப்போது ஊர் எல்லையில் நட்ட கற்கள் சில, எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையில் எல்லை என்று பெயர் பொறித்து, கிடைத்திருக்கின்றன. யுனெஸ்கோ இந்த இடத்தைக் கட்டடத் தொகுப்பாக மட்டும் பார்க்காமல், மனிதன் திருத்திய நிலப்பரப்பாகவே பட்டியலிட்டதற்கு இதுதான் காரணம். வீட்டை மட்டும் காப்பாற்றி வரப்பைப் புல்டோசர் வைத்துத் தள்ளினால் பாதிக் கதை போய்விடும்.

இனி ஒரு வீட்டுக்குள் போவோம். தெருப் பக்கம் வெறும் சுவர், ஒரு வாசல். வாசலின் மேல் உத்தரக் கல்லில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் சிலுவை, சிலசமயம் 'ஒரே கடவுள்' என்று தொடங்கும் கிரேக்க வரி. உள்ளே நுழைந்தால் முற்றம். வீடு முற்றத்தைப் பார்த்து நிற்கிறது, பெரும்பாலும் தெற்கு நோக்கி. குளிர்கால வெயில் வேண்டுமே. வீட்டின் முன்னால் முழு நீளத்துக்கும் தூண் வரிசையோடு தாழ்வாரம். மாடியிலும் அதே மாதிரி இன்னொன்று. எல்லாம் கல்: தூண், கைப்பிடிச் சுவர், மாடிப்படி, ஜன்னல் சட்டம். கற்களுக்கு நடுவே சாந்து இல்லை. ஒன்றை ஒன்று கவ்வும்படி செதுக்கி அடுக்கியிருக்கிறார்கள். மரம் இருந்தது மாடித் தளத்திலும் கூரைச் சட்டங்களிலும் மட்டும். அதனால்தான் அவை மட்டும் இன்று இல்லை.

கீழ்த்தளத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பல வீடுகளில் அறையைக் குறுக்கே பிரிப்பது ஒரு குட்டையான கல் வரிசை. ஒவ்வொரு கல்லின் மேற்புறமும் தொட்டியாகக் குடையப்பட்டிருக்கிறது. கையை உள்ளே விட்டால் முழங்கை வரை போகும் போலிருக்கும் ஆழம், மாட்டு முகம் படும் விளிம்பு. தீவனத் தொட்டிகள்தான். மாடும் ஆடும் கீழே, குடும்பம் மேலே. மிருகங்களின் சூடு குளிர்காலத்தில் மேலே ஏறும், வாடையும் கூடவே ஏறியிருக்கும். முகப்பில் இலை செதுக்கிய கொரிந்தியத் தலைப்பு வைத்த தூண்கள், உள்ளே சாணி. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஆட்கள் யார் என்று பிடிபடும். கையில் காசு இருந்தது, பட்டணத்து நாகரிகம் தெரிந்திருந்தது, ஆனால் விடிந்ததும் வயலுக்குப் போனார்கள்.

இதில் பலருக்குக் குழப்பம் இருந்தது. 1860களில் வந்த பிரெஞ்சு அறிஞர் மெல்கியோர் தெ வோகுவே அழகான வரைபடங்களோடு இந்தக் கட்டடங்களை உலகுக்குக் காட்டினார். 1899இல் தொடங்கி அமெரிக்காவின் ஹோவர்ட் கிராஸ்பி பட்லர் மூன்று பயணங்களில் ஊர் ஊராக அளந்து பதிவு செய்தார். ஆனால் இந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்று முதன்முதலாக ஒரு முழு விடை சொன்னவர் ஆய்வாளர் ஜார்ஜ் சலென்கோ. 1953லிருந்து 1958க்குள் வெளியான மூன்று பெரிய தொகுதிகளில் அவர் வைத்த வாதம் சுருக்கமாக இதுதான்: பாறை நிலத்தில் வேறு என்ன விளையும்? ஆலிவ். பக்கத்தில் அந்தியோக்கியா, பேரரசின் மாபெரும் நகரங்களில் ஒன்று. அப்பால் மத்தியதரைக் கடல். ஆலிவ் எண்ணெயை விற்றுப் பணக்காரர் ஆனார்கள். 7ஆம் நூற்றாண்டில் முதலில் பாரசீகரும் பிறகு அரபியரும் வந்தபோது கடல் வாணிபம் முறிந்தது. எண்ணெய் வாங்க ஆள் இல்லை. ஊரை விட்டுப் போனார்கள்.

கச்சிதமான கதை. ஒரு தலைமுறை முழுக்க இதைத்தான் நம்பியது. இதை அசைத்தது பெரிய கோட்பாடு ஒன்றும் இல்லை, மண்வெட்டிதான். 1976லிருந்து 1978 வரை ஜபல் பாரிஷாவில் இருக்கும் தெஹெஸ் என்ற ஊரில் ஜான்-பியர் சோதினியும் ஜார்ஜ் தாத்தும் தோண்டினார்கள். அதுவரை எல்லாரும் நிற்கும் சுவரைத்தான் படித்தார்கள், தரையைத் தோண்டவில்லை. சந்தைக்கூடம், பொதுக் கட்டடம் என்று சலென்கோ அடையாளம் சொன்னவை தோண்டிப் பார்த்தால் சாதாரணக் குடியிருப்புகளாக இருந்தன. அதைவிட முக்கியம், பானை ஓடுகளும் காசுகளும் 7ஆம் நூற்றாண்டோடு நிற்கவில்லை. 9ஆம் நூற்றாண்டு வரை ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். அரபியர் வந்தார்கள், ஊர் காலியானது என்ற கதை அங்கேயே விழுந்துவிட்டது.

தாத் அதன்பின் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் வீடுகளை அறை அறையாக எண்ணினார். எந்த அறை முதலில் வந்தது, எது பிறகு ஒட்டப்பட்டது என்று கல் வரிசையை வைத்துச் சொல்ல முடியும். கட்டிய ஆண்டைப் பலர் வாசல் கல்லிலேயே, கி.மு. 49இல் தொடங்கும் அந்தியோக்கிய ஆண்டுக் கணக்கில், பொறித்தும் வைத்திருந்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்தால் ஊர் வளர்ந்த வேகம் தெரியும். 4ஆம் நூற்றாண்டு முதல் 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அறைகள் கூடிக்கொண்டே போகின்றன. மகனுக்குக் கல்யாணம் ஆனால் முற்றத்தின் ஓரத்தில் இன்னொரு அறை. பேரன் வந்தால் மேலே ஒரு மாடி. ஒரே ஊரில் மாளிகையும் குடிசையுமாக இல்லாமல், ஏறத்தாழ ஒரே தரத்தில், கொஞ்சம் பெரியதும் கொஞ்சம் சிறியதுமான வீடுகள். பண்ணையார் ஊர் இல்லை, சொந்தக் காணி வைத்திருந்த குடும்பங்களின் ஊர் என்று அவர் முடிவுக்கு வந்தார்.

இதற்கு அந்தக் காலத்துச் சாட்சியும் இருக்கிறது. அந்தியோக்கியாவில் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பேச்சுக்கலை ஆசிரியர் லிபானியஸ், தன் ஊரைப் புகழ்ந்து பேசும்போது சுற்றுவட்டக் கிராமங்களையும் சொல்கிறார்: பல நகரங்களைவிடப் பெரியவை, ஆள் நிறைந்தவை, கைத்தொழில் தெரிந்தவர்கள் உள்ளவை, திருவிழாச் சந்தைகளில் ஒன்றுக்கொன்று சரக்கு மாற்றிக்கொள்வதால் பட்டணத்தின் தேவையே பெரிதாக இல்லாதவை. புகழ்ச்சியில் கொஞ்சம் மிகை இருக்கும். ஆனால் அதே மனிதர் வயதான பிறகு இதே கிராமங்களைத் திட்டியும் பேசியிருக்கிறார். ஊர்க்காரர்கள் பக்கத்தில் முகாமிட்டிருக்கும் படைத்தளபதிக்கு விளைச்சலில் ஒரு பங்கைக் கொடுத்துக் கையில் போட்டுக்கொள்கிறார்கள். வரி கேட்டு வருகிறவனைக் கல்லால் அடித்து அனுப்புகிறார்கள். அவன் தானியத்துக்குப் பதில் காயத்தோடு திரும்புகிறான். புகார் சொன்னவருக்கு எரிச்சல் உண்மை. நமக்கு அதில் தெரிவது, இந்த ஊர்க்காரர்கள் யாருக்கும் தலைகுனிந்து நின்றவர்கள் இல்லை என்பது.

எண்ணெய் விஷயம் என்ன ஆயிற்று? பிழிகூடங்கள் ஏராளம் என்பதில் சந்தேகம் இல்லை. பாறையைக் குடைந்த கூடம். ஒரு சுவரில் ஒரு குழிவு, அதில் நீண்ட மர உத்தரத்தின் முனையைச் செருகுவார்கள். நடுவில் நசுக்கிய பழத்தை மூட்டையாக அடுக்கி, மறுமுனையில் பெரிய எடைக்கல்லைத் தொங்கவிட்டு இழுத்தால் உத்தரம் அழுத்தும், சாறு வாய்க்கால் வழியே தொட்டியில் விழும். மரமும் கயிறும் போய்விட்டன. சுவர்க் குழிவும், துளையிட்ட எடைக்கல்லும், தொட்டியும் இருக்கின்றன. ஆனால் அங்கே பிழிந்தது ஆலிவா திராட்சையா? இரண்டுக்கும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முன்பு எல்லாவற்றையும் எண்ணெய் ஆலை என்று எழுதினார்கள். இப்போது ஒரு நல்ல பங்கு திராட்சை மதுவுக்கானது என்ற கருத்து பலத்திருக்கிறது. அல்-பாரா ஊரின் ஒரு பிழிகூடத்தில் லத்தீனில் ஒரு செய்யுளே வெட்டியிருக்கிறார்கள்: இங்கே நீ பார்ப்பது அமுதச் சாறு, மதுத் தெய்வத்தின் கொடை, வெயில் காய்ந்த கொடி ஈன்றது என்ற பொருளில். சுற்றிலும் கிரேக்கமும் சிரியாக்கும் பேசும் ஊரில் ஒருவர் லத்தீனில் கவிதை வெட்டிவைத்தால், அவருக்குத் தன் சரக்கின் மேல் எவ்வளவு பெருமை இருந்திருக்கும்! ஆக, ஆலிவும் உண்டு, திராட்சையும் உண்டு, கோதுமையும் பயறும் உண்டு, தீவனத் தொட்டி சொல்வதுபோல் மாடும் ஆடும் உண்டு. எது வந்தாலும் ஒன்று கைகொடுக்கும் என்ற குடியானவன் கணக்கு. ஒரே பயிரை நம்பிய ஏற்றுமதித் தோட்டம் என்ற படத்தைவிட இதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

மிச்சம் வந்த காசு கல்லில் போனது, தேவாலயத்தில் அதிகமாகப் போனது. இதையும் வரிசையாகப் பார்க்கலாம். கிர்க்பிஸே என்ற சின்ன ஊரில் 4ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த ஒரு தேவாலயம் பக்கத்து வீட்டிலிருந்து வேறுபடுத்திச் சொல்ல முடியாத அளவுக்கு வீடு மாதிரியே இருக்கிறது. அதே முற்றம், அதே தாழ்வாரம். ஃபாஃபெர்தீனில் 372ஆம் ஆண்டு பொறித்த ஆலயம் ஒன்று உண்டு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்கியானோஸ் கிரிஸ் என்ற கட்டடக் கலைஞரின் பெயர் பாபிஸ்கா, க்ஸெஜ்பே, தார் கீதா, கஸ்ர் அல்-பனாத் என்று நாலு ஊர்களில் வருகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன கிராமத்துக் கட்டடக்காரர்! அதே நூற்றாண்டின் நடுவில் கல்ப் லோஸே வந்துவிடுகிறது. பெயருக்குப் பொருள் 'பாதாமின் இதயம்'. வாசலின் இரு பக்கமும் கோபுரம், நடுவில் அகன்ற வளைவு, உள்ளே நெருக்கமான தூண் வரிசைக்குப் பதில் தாழ்வான தடித்த தூண்களின் மேல் விரிந்த வளைவுகள். ஐரோப்பியத் தேவாலயங்களின் இரட்டைக் கோபுர முகப்பு இங்கிருந்துதான் போனது என்று சொல்கிறவர்கள் உண்டு. அது நேராகப் போனதா என்பது வேறு விஷயம். வீடு மாதிரியான ஆலயத்திலிருந்து இதுவரை வர நூற்றைம்பது வருடம்கூட ஆகவில்லை.

எல்லாவற்றிலும் பெரியது கலாத் செமான் என்ற ஆலயத் தொகுதி. அதற்கு முன்னால் ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிமியோன், ஆடு மேய்த்த பையன், துறவியானார். ஜபல் செமானில் தெலானிஸோஸ் என்ற கிராமத்துக்கு மேலே ஒரு குன்றில் தூண் ஒன்றின் மேல் ஏறினார். 459இல் சாகும் வரை ஏறக்குறைய 37 வருடம் இறங்கவில்லை. தூண் உயர்ந்துகொண்டே போனது. கடைசித் தூண் 36 முழம் என்று அவரை நேரில் அறிந்த பிஷப் தியோடொரெட் எழுதுகிறார். கிறுக்கு என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் கீழே நின்ற கூட்டத்தைப் பாருங்கள். பாரசீகர், அரபியர், ஸ்பெயின்காரர், பிரிட்டனிலிருந்து வந்தவர் என்று பட்டியல் போடுகிறார் தியோடொரெட். அப்புறம் சுற்றியிருந்த ஊர்க்காரர்கள்: எல்லைத் தகராறு, தண்ணீர்த் தகராறு, கடன். சிரியாக் மொழியில் உள்ள அவர் வரலாற்றில் ஒரு கிராமம் அவருக்கு எழுதிக்கொடுத்த வாக்குறுதி வருகிறது. நூற்றுக்கு ஒன்று என்றிருந்த வட்டியை இனி அரையாகத்தான் வாங்குவோம் என்கிறார்கள். சொந்தக் காணி வைத்திருக்கும், ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக்கொள்ளும் ஊர்களுக்கு, எந்தப் பக்கமும் சாயாத ஒரு நடுவர் தேவைப்பட்டார். யாருக்கும் சொந்தக்காரராக இல்லாமல், யார் வீட்டிலும் சாப்பிடாமல் தூண்மேல் நிற்பவரைவிட நடுநிலையானவர் எங்கே கிடைப்பார்?

அவர் இறந்ததும் உடலை அந்தியோக்கியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தூணைக் கொண்டுபோக முடியவில்லை. பேரரசர் ஸீனோ காலத்தில், 476க்கும் 490க்கும் இடையில், அந்தத் தூணையே நடுவில் வைத்து எட்டுமுக மண்டபமும், அதிலிருந்து நான்கு திசைக்கும் நான்கு பெரிய ஆலயங்களும் எழுந்தன. கீழே இருந்த கிராமம் தேர்த்திருவிழா ஊர் மாதிரி ஆகிவிட்டது. யாத்திரிகர் தங்கும் சத்திரங்கள் 470களிலேயே கட்டப்பட்டிருக்கின்றன. தூண் என்னவோ நாளடைவில் தேய்ந்து ஒரு உருண்டைக் கல்லாகிவிட்டது. வந்தவர்கள் எல்லாம் நினைவுக்கு ஒரு துண்டு பெயர்த்துக்கொண்டு போனதன் பலன் என்று சொல்வார்கள்.

செர்ஜில்லாவுக்குத் திரும்புவோம். ஊர் நடுவில் ஒரு குளியல் கூடம், ஆண்டு 473. கட்டிக்கொடுத்தவர்கள் ஜூலியானோஸ் என்பவரும் அவர் மனைவி தோம்னாவும் என்று தரையின் மொசைக்கில் எழுதியிருந்தது. பட்லரின் குழு 1899இல் அதைப் பார்த்துப் பதிவு செய்தது; சில வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது மொசைக் இல்லை. பதிவு செய்யாமல் விட்டிருந்தால் அந்தத் தம்பதியின் பெயரும் போயிருக்கும். குளியல் கூடத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு அடுக்குத் தாழ்வாரத்தோடு ஒரு கட்டடம், ஆண்கள் கூடிப் பேசும் இடம் என்கிறார்கள். குளித்துவிட்டு வந்து அங்கே உட்கார்ந்து விளைச்சலையும் வரியையும் பற்றிப் புலம்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

செத்தவர்களுக்கும் குறை வைக்கவில்லை. அல்-பாராவில் கூர்நுனிக் கூரை வைத்த, பிரமிடு வடிவக் கல்லறைகள் ஆலிவ் தோப்புக்கு நடுவே நிற்கின்றன. உள்ளே இலைக் கொடி செதுக்கிய கல் பேழைகள். ருவைஹாவில் பிஸ்ஸோஸ் என்பவர் தனக்குக் கட்டிக்கொண்ட கல்லறைக்குக் கவிகை மாடம் உண்டு. வாசலில் அவர் எழுதச் சொன்னது: நன்றாக வாழ்ந்தேன், நன்றாக வந்து சேர்ந்தேன், நன்றாகக் கிடக்கிறேன், எனக்காக வேண்டிக்கொள்.

பிறகு ஏன் போனார்கள்? ஒரே அடியில் விழவில்லை. 526இல் அந்தியோக்கியாவைப் பூகம்பம் தரைமட்டமாக்கியது. 540இல் பாரசீகர் அதைக் கொளுத்தினார்கள். 542 வாக்கில் கொள்ளைநோய். சந்தையாக இருந்த பட்டணம் நொடிந்தது, ஊரில் ஆள் குறைந்தது. 6ஆம் நூற்றாண்டின் நடுவுக்குப் பின் புதிய அறைகள் கட்டுவது ஏறக்குறைய நின்றுபோகிறது. ஆனால் இருந்த அறைகளில் ஆட்கள் இருந்தார்கள், இன்னும் இருநூறு முந்நூறு வருடம். எரித்த தடயம் இல்லை, சூறையாடிய தடயம் இல்லை. நிலம் தாங்கும் அளவைவிட ஆள் பெருகியிருந்தது என்கிறார் தாத். கீழே சமவெளியில் நல்ல மண் சும்மா கிடந்தபோது பாறையைக் கட்டிக்கொண்டு அழ யாருக்கும் அவசியம் இல்லை. ஒவ்வொரு குடும்பமாக இறங்கிப் போனது. கடைசியாகப் போனவர் கதவைச் சாத்தினாரா என்று தெரியாது. பின்னால் வந்து அந்த இடத்தில் வேறு ஊர் கட்ட யாரும் வரவில்லை என்பது தெரியும். கல் பிழைத்ததற்கு அதுதான் இரண்டாவது காரணம்.

முழுக்கக் காலியாகவும் இருந்ததில்லை. அல்-பாராவை 1098இல் சிலுவைப்போர் வீரர்கள் பிடித்து அங்கே ஒரு லத்தீன் பிஷப்பையே நியமித்தார்கள். ஜபல் அல்-அலாவில் துரூஸ் மக்கள், ஜபல் செமானில் குர்துகள் என்று பின்னர் குடியேறிய ஊர்கள் பழைய கல்லுக்கு நடுவிலேயே வளர்ந்தன. பாட்டன் காலத்துப் பிழிகூடத்தைச் சேமிப்பறையாக வைத்துக்கொண்டவர்கள், பழைய தூணைப் புதுத் திண்ணைக்கு எடுத்தவர்கள். இந்தப் பக்கத்து இத்லிப் மாகாணத்தின் ஆலிவ் எண்ணெய்க்கு இன்றும் பெயர் உண்டு.

போர் இந்த நிலைமையைத் தலைகீழாக்கியது. 2013 ஜூனில் சிரியாவின் ஆறு உலகப் பாரம்பரிய இடங்களையும் யுனெஸ்கோ அபாயப் பட்டியலுக்கு மாற்றியது. இந்தக் குன்றுகள் போர்முனை ஆயின. 2016இல் வான் தாக்குதலில் கலாத் செமானும் அடிபட்டது. ஒன்றரை ஆயிரம் வருடம் தாங்கிய தூணின் மிச்சக் கல்லும் சேதமானது. புதையல் தேடித் தோண்டினார்கள், வீட்டுக்கு என்று செதுக்கிய கல்லை லாரியில் ஏற்றினார்கள். 2023 பிப்ரவரி 6 பூகம்பம் சில சுவர்களைச் சாய்த்தது.

அதோடு மனிதர்களும் வந்தார்கள். குண்டுக்குத் தப்பி ஓடிய குடும்பங்கள், வாடகைக்கு வழியில்லாதவர்கள், துருக்கி எல்லையை ஒட்டிய சர்ஜப்லே, பாகிர்ஹா போன்ற இடிபாடுகளில் தங்கினார்கள். பாகிர்ஹாவில் 161ஆம் ஆண்டைச் சேர்ந்த ரோமானியக் கோயில் ஒன்று இருக்கிறது. அதன் கற்களுக்கு நடுவே கூடாரம், துணி காயும் கயிறு, கோழி. பழைய சுவர் காற்றைத் தடுத்தது. மேலே தார்ப்பாய் கட்டினால் வீடு. தொல்பொருள் ஆய்வாளர்களுக்கு இது வயிற்றைக் கலக்கும் காட்சி. அடுப்புப் புகை கல்லைக் கறுப்பாக்கும், கூடாரத்துக்கு ஆணி அடித்தால் செதுக்கு உடையும். எனக்கு அந்தக் குடும்பங்களின் மேல் கோபம் வரவில்லை. லாரி வைத்துக் கல் திருடுகிறவனையும், பிள்ளை குளிரில் நடுங்காமல் இருக்கச் சுவரோரம் ஒதுங்குகிறவளையும் 'ஆக்கிரமிப்பு' என்ற ஒரே சொல்லில் கட்டுவது சரியில்லை. முதலில் அங்கே தங்கியவர்களும் வீட்டுக்காகத்தானே அந்தக் கல்லை வெட்டினார்கள்.

2024 டிசம்பரில் அசாத் ஆட்சி விழுந்ததும் பலர் சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள். செர்ஜில்லாவுக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும் மஅர்ரத் அல்-நுமான், கஃப்ர் நபல் ஊர்க்காரர்களும் போனார்கள். வீட்டுச் சுவர்கள் நின்றன. கதவு, ஜன்னல், மின்கம்பி எல்லாம் பெயர்த்துக்கொண்டு போகப்பட்டிருந்தன. கான்கிரீட் தளத்தை உடைத்து உள்ளே இருந்த இரும்புக் கம்பியையும் உருவியிருந்தார்கள். தெரு தெருவாக, ஒரு வீட்டுக்கும் கூரை இல்லை.